இரண்டாவது நாற்காலி

சென்ற வாரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் இந்த வாரத்துக்குப் போய்விடலாம்.

பெண்கள் கூடைப்பந்து அரையிறுதியின் முதல் ஆட்டம். இரண்டு அணிகளும் சமமான புள்ளியில் இருந்தன. முடிய இன்னும் சில நொடிகளே பாக்கி. எதிரணிப் பெண் ஒருத்தி கோட்டோரமாக நீளமான பாஸ் ஒன்றை வீசினாள். அந்தப் பந்து பெஞ்சைத் தாண்டும் நேரத்தில், கோட்டுக்கு வெளியே நின்றிருந்த கோச் ஒரு காலை உள்ளே வைத்து, கையை நீட்டி, அதைப் பிடித்துவிட்டாள்.

விளையாடிய காலம் முழுக்க அவள் செய்த வேலை அதுதான். எதிராளி வீசும் பந்தை வழியிலேயே மறிப்பது. பெரிய மண்டபங்களில், கூட்டம் எழுந்து நின்று பார்க்க, அதைச் செய்து பெயர் வாங்கியவள். ஆனால் ஆடுவதை விட்டுக் கோச் ஆன பிறகு இது அவளுக்கு முதல் பருவம். முழங்கால் ஆபரேஷனோடு ஆட்டம் முடிந்துவிட்டது என்பது மூளைக்குத் தெரியும். கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நடுவர் விசில் ஊதினார். டெக்னிக்கல் ஃபவுல், அதாவது களத்தில் ஆடாதவர் குறுக்கிட்டதற்கான தண்டனை. எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு, கிடைத்தது. அது விழுந்தது. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிப்பவர்கள் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். இரண்டாவது ஆட்டம் இன்று மாலை. தோற்றால் பருவம் முடிந்தது. கோச் வேலையும் அதோடு சேர்ந்து போய்விடும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது.

*

காலையில் கோச்சின் அம்மா அடுக்களையில் நின்றபடி கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் யார் அழுதாலும் முதலில் நாடி பார்ப்பாள், அப்புறம்தான் காரணம் கேட்பாள்.

அந்த ஒரு பிடியை வைத்து ஊர் முழுக்க வேடிக்கை வீடியோ செய்துகொண்டிருந்தது. ஒன்றில் பந்துக்குப் பதில் பூசணிக்காய். இன்னொன்றில் மாடியிலிருந்து விழும் பூத்தொட்டி. எல்லாவற்றையும் கோச் ஒரு காலை உள்ளே வைத்துக் கச்சிதமாகப் பிடித்தாள்.

"பூசணிக்காய்தான் நல்லா இருக்கு. மூஞ்சி தெளிவா விழுந்திருக்கு" என்றாள் அம்மா.

கோச்தான் அவளுடைய பெரியவள். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். அவள் கணவன் சுவரில் சாய்ந்து நின்றே டீ குடித்தான். அணியின் பஸ்ஸை ஓட்டுபவன் அவன். உட்கார்ந்தே செய்யும் வேலை என்பதால் வீட்டில் நிற்கத்தான் பிடிக்கும். அத்தை சொன்னதற்கு அவனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவி முகத்தைப் பார்த்து அதை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

மாடியிலிருந்து சின்னவள் இறங்கி வந்தாள். பெரியவளின் ஒரே தங்கை, அணியின் கேப்டன். அந்த ஆட்டம் முடிந்ததிலிருந்து அக்காவோடு அவள் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. பயிற்சியில் சொன்னதைச் செய்வாள், தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். வீட்டில் பேச்செல்லாம் அம்மா வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது.

"அம்மா, அந்த வெண்ணெயை இந்தப் பக்கம் தரச் சொல்லு. தூக்கிப் போட வேண்டாம். வேற யாராவது நடுவுல பிடிச்சிடுவாங்க."

"நான் என்ன தபாலாபீஸா? அக்கா இங்கேதானே உட்கார்ந்திருக்கா, நீயே கேளு."

சின்னவள் வெண்ணெய் இல்லாமலே ரொட்டியைத் தின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அத்தானிடம் மட்டும் பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

தோற்ற அன்றே பெரியவள் உடை மாற்றும் அறையில் அத்தனை பெண்களையும் நிற்க வைத்து, தவறு தன்னுடையதுதான், வேறு யாரும் தலை குனிய வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நடுவரிடமும் போய்ச் சொன்னாள். இதற்கு மேல் தங்கைக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குப் புரியவில்லை. புரியாதது கோபமாக மாறி ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைப்பதற்குள் தொலைபேசி அடித்தது. முதலாளி கூப்பிடுகிறார், உடனே வரச் சொன்னார் என்றது அலுவலகக் குரல்.

*

அணியின் முதலாளி மெத்தைக் கம்பெனி வைத்திருப்பவர். ஆடும் பெண்களின் மார்பிலும் முதுகிலும் அந்த மெத்தையின் பெயர்தான். எதிரணி ஆதரவாளர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் "தூங்கு, தூங்கு" என்று தாலாட்டுப் பாடுவது அதனால்தான்.

அவர் அறையில் வருகிறவர்களுக்கென்று ஒரு சோபா உண்டு. உட்கார்ந்தால் இடுப்பு உள்ளே போய் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். அந்த நிலையில் யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. அவர் மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்த மர நாற்காலியில் இருப்பார்.

"உட்காருங்க, உட்காருங்க" என்றார்.

முழங்காலுக்கு ஆகாது என்று சொல்லி அவள் நின்றாள்.

அவர் அதட்டுகிற ஆள் இல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். ரசிகர்கள் வருத்தத்தில் இருக்கிறார்கள், டிக்கெட் வாங்கியவர்களுக்கு நாம் ஒரு மரியாதை செய்ய வேண்டாமா என்று ஆரம்பித்தார். ஆட்டத்துக்கு முன்னால் அவள் மைக்கைப் பிடித்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு கேலரியில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இன்று ஒரு நாள் அணியைக் கேப்டனே நடத்தட்டும். சூடு ஆறட்டும். அடுத்த பருவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"என் பொண்ணுங்ககிட்ட சொல்லிட்டேன் சார். நடுவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஜனங்ககிட்ட சொல்லலையே."

"ஜனங்க சிரிச்சுக்கிட்டிருக்காங்க. சிரிக்கட்டும். அதுக்கு நான் மைக் பிடிச்சு பாட்டும் பாடணுமா?"

அவர் புன்னகை செய்தார். பேனாவைத் திறந்து மூடினார். அவள் விளையாடிய நாட்களை மண்டபம் மறக்காது என்றார். ஆனால் கோச் வேலை வேறு, அதற்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும், ஆடும் ஆசை இன்னும் உள்ளே இருந்தால் என்ன செய்வது என்றார். கடைசியாகத்தான், போகிற போக்கில் சொல்வதுபோல் அதைச் சொன்னார்.

"உங்க தங்கச்சிகிட்ட நேத்தே பேசிட்டேன். மாட்டேன்னு சொல்லல."

அவளுக்குக் காது அடைத்தது. ஆனால் முகத்தில் அதைக் காட்டவில்லை. எதிராளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பதைக் கண்ணில் காட்டாமல் இருக்க அவள் சின்ன வயதிலேயே பழகியிருந்தாள்.

"மைக் பிடிக்க மாட்டேன் சார். மன்னிப்புக் கேட்டாத்தான் பெஞ்சுன்னா, பெஞ்சு வேண்டாம். கேலரிக்கு எல்லாரும் வர்ற வாசல் வழியா வந்து உட்கார்ந்துக்குவேன். அந்த வாசலை மூட மாட்டீங்கல்ல."

சோபாவை ஒருமுறை பார்த்தாள். "இது உங்க கம்பெனி சரக்கா சார்? உள்ள ஸ்பிரிங் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

ஆட்ட நாளில் மதியம் ஒரு லேசான பயிற்சி இருக்கும். வியர்க்கவிடாமல், கை சூடாக மட்டும். பெரியவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பெண்கள் ஜோடி ஜோடியாகப் பந்து எறிந்துகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சத்தம் குறைந்தது. செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

சின்னவளைப் பந்து அடுக்கி வைக்கும் அறைக்குள் கூப்பிட்டாள். ரப்பர் வாசனை. பந்துகளுக்கு நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

"அவர் உன்கிட்ட பேசினாரா?"

"பேசினார்."

"மாட்டேன்னு சொல்லலையாமே."

"சரின்னும் சொல்லலை."

"ஏன்?"

சின்னவள் ஒரு பந்தை எடுத்து அதன் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, ஒரு வாரமாகப் பூட்டி வைத்திருந்தது வெளியே வந்தது. உடை மாற்றும் அறையில் அக்கா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள், நடுவரிடம் கேட்டாள், தண்ணீர் தூக்கி வந்தவளிடம்கூடக் கேட்டாள். தன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

"எல்லார்கிட்டயும்னா அதுல நீயும்தானே?"

"இல்லக்கா. நான் வேற." குரல் உடையவில்லை, இறுகித்தான் இருந்தது. "அது என் பந்து. அந்தப் பாஸைப் பார்த்து நான் ஓடிட்டிருந்தேன். எனக்கும் கூடைக்கும் நடுவுல ஒரு ஆள் இல்ல. நீ குறுக்க கை நீட்டிட்டே. சின்ன வயசுலேர்ந்து வாசல்ல விளையாடும்போதும் இதையேதான் பண்ணுவே. எனக்கு வர்ற பந்து எல்லாம் உன் கையில போய்த்தான் நிக்கும்."

 தங்கை ஓடிவந்தாளா? நினைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். வீசியவளின் தோள் தெரிந்தது, பந்து சுழன்றது தெரிந்தது, தன் கை தெரிந்தது. தங்கை எங்கேயும் இல்லை.

"நீ எங்க இருந்தே? காட்டு" என்றாள்.

ஒரு தவறைப் பற்றி வாய் வார்த்தையில் சண்டை போடுவது கூடைப்பந்துக்காரர்களுக்கு வராது. இடத்தில் போய் நின்று, நடந்து காட்ட வேண்டும். வெளியே பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள். வீசியவள் நின்ற இடத்தில் அவனை நிறுத்தி, கோட்டோரமாக வேகமாக எறியச் சொன்னாள். தான் பெஞ்சு முன்னால், அன்று நின்ற இடத்திலேயே நின்றாள். கைகளை மட்டும் நீட்டவில்லை.

"நான் பஸ்தான் ஓட்டுவேன், எங்க போய் விழும்னு கேட்காதீங்க" என்றான் அவன்.

முதல் தடவை பந்து போனது. சின்னவள் பாய்ந்தாள். விரல் நுனியில் தட்டுப்பட்டு, பந்து அவள் முன்னாலேயே விழ, அதை எடுத்துக்கொண்டு அப்படியே கூடை வரை ஓடினாள். இரண்டாவது தடவை எட்டவில்லை. மூன்றாவது கையோடு வந்தது. நான்காவது காதை உரசிக்கொண்டு சுவரில் மோதியது. பெண்கள் எறிவதை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று பார்த்தார்கள்.

"கிடைச்சாலும் கிடைச்சிருக்கும்" என்றாள் சின்னவள், மூச்சு வாங்க. "தவறினாலும் தவறியிருக்கும். ஆனா அதை நான் தவற விட்டிருக்கணும்."

பெரியவள் பெஞ்சு முன்னாலேயே நின்றாள். தரையைப் பார்த்தாள். அவளுடைய குற்றம் கோட்டைத் தாண்டியது மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெளிவானது. ஆடுகிறவள் பந்தைப் பார்க்கலாம். கோச் தன் ஆட்களைப் பார்க்க வேண்டும். இந்தப் பருவம் முழுக்க அவள் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் உன்னைப் பார்க்கவே இல்லடி" என்றாள். "தப்புதான். உன்கிட்ட தனியா சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்."

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏதாவது மென்மையாகச் சொல்வாள் என்று அக்கா எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பாள்.

"சரி. அவர் சொன்னபடி கேலரியில போய் உட்காரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துக்குவே?"

"உட்காருன்னு சொன்னேன்ல."

பெரியவளுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. தங்கை நாற்காலியை எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்றுதான் தோன்றியது. எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பக்கமும், எடுத்துவிடுவாளா என்று இன்னொரு பக்கமும் மனது இழுத்தது.

*

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. பெரியவள் சொன்னபடி பொது வாசலில், வரிசையில் நின்று வந்தாள். டிக்கெட் கிழிப்பவர் அவளைப் பார்த்துக் கிழிக்கத் தயங்கினார். "கிழிங்க, பரவாயில்லை" என்றாள். கூட்டத்தில் யாரோ ஒரு காகித உருண்டையை அவளை நோக்கி எறிந்தார்கள். பிடிக்கிறாளா என்று பார்க்க. அது தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா முன்வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தாள். மகள் உட்கார்ந்ததும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஓடுது, ஓடட்டும்" என்றாள்.

முதலாளி மைதானத்தின் நடுவில் மைக்கோடு நின்றார். கேலரியில் அவள் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மைக்கை லேசாக உயர்த்திக் காட்டினார். கடைசி வாய்ப்பு என்பதுபோல. அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, தவிர்க்க முடியாத காரணத்தால் இன்று அணியைக் கேப்டன் நடத்துவார் என்று அறிவித்தார். சிலர் கை தட்டினார்கள். எதிர்ப்பக்கம் தாலாட்டு ஆரம்பமானது.

ஆட்டத்துக்கு முன்னால், புள்ளி எழுதும் மேசையில் அணியின் கோச் யார், பெஞ்சில் யார் யார் என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் சொன்னதுதான் செல்லும். அதற்கப்புறம் முதலாளியே வந்தாலும் மாற்ற முடியாது. மேசையில் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு உங்க கோச் யாரும்மா?"

"நான்தான்" என்றாள் சின்னவள்.

அது கேலரி வரை கேட்டது. பெரியவளின் கட்டிய கைகள் இன்னும் இறுகின. 

"உதவிக் கோச் யாராவது?"

சின்னவள் திரும்பி, கேலரியின் முன்வரிசையை நேராகப் பார்த்தாள். மதியம் பேசியபோதுகூட முகம் பார்க்காதவள், ஒரு வாரம் கழித்து அக்காவை நேராகப் பார்ப்பது அப்போதுதான்.

"எங்க அக்கா. அதோ உட்கார்ந்திருக்காங்க. கீழே வரச் சொல்லுங்க."

மேசையைச் சுற்றி ஒரு சலசலப்பு. முதலாளி வேகமாக வந்தார், வழக்கத்தைவிட வேகமாக. இது ஏற்பாட்டில் இல்லையே என்றார். மேசை அம்மாள் பொறுமையாக விளக்கினார். யாரைத் தன் பெஞ்சில் வைத்துக்கொள்வது என்பது கோச்சின் உரிமை. கோச் யார் என்று அறிவித்தவர் நீங்கள்தான், இதோ மைக்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

"சார், கேலரி வரைக்கும்தான் உங்க பேச்சு செல்லும்" என்றாள் சின்னவள். "பெஞ்சு என்னோடது."

பெரியவள் படியிறங்கி வந்தாள். சிரித்தார்கள், விசிலடித்தார்கள், யாரோ பூசணிக்காய் என்று கத்தினார்கள். அவள் நிதானமாக, முழங்காலுக்கு ஏற்ற நடையில், கோட்டோரமாக நடந்து வந்து பெஞ்சை அடைந்தாள். முதல் நாற்காலியில் சின்னவளின் துண்டு கிடந்தது.

"அடுத்ததுல உட்காருக்கா. இன்னைக்கு நான் சொல்றதை நீ கேளு."

அவள் உட்கார்ந்தாள்.

*

இரண்டாவது நாற்காலி சுலபமானது இல்லை.

முதல் பாதி முழுக்க அவளுக்கு உடம்பெல்லாம் வார்த்தை முட்டியது. ஆளுக்கு ஆள் தடுப்பதை விட்டுவிட்டு இடத்துக்கு இடம் தடு என்று சைகை காட்டினாள். சின்னவள் ஆடிக்கொண்டே பார்த்து, தலையை ஆட்டி மறுத்தாள். களைத்துப்போனவளை வெளியே எடு என்றாள். அதற்கும் மறுப்பு. இரண்டாவதில் அக்கா சொன்னதுதான் சரி என்பது அடுத்த சில நிமிடங்களில் தெரிந்தது. களைத்தவள் இரண்டு பந்தைத் தொடர்ந்து கோட்டைவிட்டாள். முதலாவதில் தங்கைதான் சரி. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் ஒப்புக்கொண்டாள்.

இடைவேளைக்குப் போகும்போது பின்தங்கியிருந்தார்கள். தாலாட்டு காதைத் துளைத்தது.

உடை மாற்றும் அறையில் பெரியவள் பழக்கத்தில் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள்.

"அக்கா, முதல்ல அவங்க" என்றாள் சின்னவள்.

ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். எங்கே இடிக்கிறது, யாரைப் பிடிக்க முடியாமல் விடுகிறார்கள், எது வலிக்கிறது. இந்தப் பருவத்தில் யாரும் அவர்களைக் கேட்டதில்லை. கோச் சொல்வாள், அவர்கள் செய்வார்கள். இப்போது முதலில் தயங்கி, அப்புறம் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிக்கொண்டு சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு சின்னவள் திரும்பினாள்.

"இப்ப நீ சொல்லு. ரெண்டே ரெண்டு விஷயம்தான் சொல்லணும்."

மனதில் வரிசை கட்டி நின்றவற்றில் இரண்டைப் பொறுக்குவதுதான் அன்று அவள் செய்த கஷ்டமான வேலை.

"அவங்க நெட்டச்சி இடது பக்கம் திரும்பினா மூச்சு வாங்குறா. அந்தப் பக்கமே ஓட விடுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டாவது உனக்கு. பந்தைக் கையில வெச்சுக்கிட்டு யோசிக்காதே. நீ ஆடு. உள்ளே இருக்கிறவளுக்குத் தெரியாததை நான் வெளியிலேர்ந்து பார்த்துச் சொல்றேன்."

"பந்தைப் பார்ப்பியா, எங்களைப் பார்ப்பியா?"

"உங்களை" என்றாள் பெரியவள்.

பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அறையில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அது.

இரண்டாம் பாதியில் பெரியவள் பந்து போகும் திசைக்கு எதிர்த் திசையில் கண்ணை வைத்தாள். கழுத்து திரும்ப மறுத்தது. பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்த மூலை தெரிந்தது. அதிகம் பேசாத, யாரும் பந்து தராத ஒரு பெண் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் அந்த மூலையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. அவள் அங்கே இருப்பதையே எதிரணி மறந்துவிட்டது. இவர்களும்தான் மறந்திருந்தார்கள்.

"மூலை" என்றாள் பெரியவள்.

சின்னவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூலைக்கு எறிந்தாள். அந்தப் பெண் பிடித்து அங்கிருந்தே கூடைக்கு எறிந்தாள். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவது வளையத்தைச் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு விழுந்தது. எதிரணி பயந்து மூலைக்கு ஆள் அனுப்பியபோது நடுவில் வழி திறந்தது. நெட்டச்சி இடது பக்கம் திரும்பித் திரும்பி இடுப்பில் கை வைத்தாள். தாலாட்டு பாடியவர்கள் ஒரு கட்டத்தில் பாடுவதை நிறுத்தினார்கள். எப்போது நிறுத்தினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. கேலரியில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, "என்னப்பா, தூக்கம் வந்துடுச்சா?" என்று விசாரித்தாள்.

மணி அடித்தபோது ஆறு புள்ளி முன்னால் இருந்தார்கள்.

*

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாடினார்கள். பெரியவள் எழுந்து, கீழே சிதறிக் கிடந்த தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்தில் முதலாளி வந்து நின்றார். புன்னகை திரும்ப வந்திருந்தது. வெற்றி அவரை இன்னும் மெதுவாகப் பேச வைத்தது.

பிரமாதம் என்றார். மன்னிப்பெல்லாம் இனி தேவையில்லை என்றார். மூன்றாவது ஆட்டத்துக்கு அவளே கோச், முதல் நாற்காலி அவளுடையது, தானே மைக்கில் அறிவித்துவிடுகிறேன் என்றார்.

அவள் காத்திருந்தாள். இந்த மனிதரிடம் பேச்சின் வால்தான் முக்கியம் என்று காலையில் தெரிந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "சின்னவங்க இன்னைக்கு மேசைகிட்ட பண்ணது சரியில்ல. நாலு பேருக்கு முன்னால முதலாளியை அப்படிப் பேசக் கூடாது. கேப்டன் பதவி வேண்டாம். அடுத்த ஆட்டம் ஒண்ணு வெளியில உட்காரட்டும். நீங்களே சொல்லிடுங்க. அக்கா சொன்னா கேட்டுக்குவாங்க."

அவள் விட்டுக்கொடுத்துவிட்டு வந்த நாற்காலியை இப்போது கையில் கொண்டுவந்து நீட்டுகிறார். வாங்கிக்கொண்டால் பருவத்தின் கடைசி ஆட்டம் வரை யாரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது. அவளுடைய பெயர், சம்பளம், அடுத்த பருவம் எல்லாம் அதில் உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிடம் அவள் அதை ஆசையோடு பார்த்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். இன்றுதான் அது என்ன வேலை என்று தெரிந்தும் இருந்தது.

புட்டிகளைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட ஏன் கேட்குறீங்க சார்? கோச்கிட்ட கேளுங்க."

அவர் முகம் மாறுவதற்குள் திரும்பித் தங்கையைக் கூப்பிட்டாள். தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, நனைந்த முடியோடு சின்னவள் வந்தாள். என்ன என்று கேட்டாள். பெரியவள் விஷயத்தை அப்படியே, முதலாளியின் எதிரிலேயே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நாற்காலி எனக்காம். நீ வெளியில உட்காரணுமாம்.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். இப்போது அவள் கண்ணில் காலையில் இருந்த கோபம் இல்லை. அதைவிடக் கூர்மையான ஒன்று இருந்தது.

"நீ என்ன சொன்னே?"

"கோச்கிட்ட கேட்கச் சொன்னேன்."

கொண்டாடிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சத்தத்தைக் குறைத்து இந்தப் பக்கம் திரும்பினார்கள். மூலைப் பெண் மட்டும் நடந்து வந்து சின்னவளுக்குப் பின்னால் நின்றாள். அப்புறம் இன்னொருத்தி. பிறகு மற்றவர்களும்.

சின்னவள் ஐஸ் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முதலாளியின் குரலைப் போலவே மெதுவாகப் பேசினாள்.

"மூணாவது ஆட்டத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வருவோம் சார். எத்தனை நாற்காலி போடுறதுன்னு நீங்க யோசிச்சு வைங்க. ஒண்ணுதான்னா அதுவும் வேண்டாம், நின்னுக்குவோம்."

 முதலாளி புன்னகையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, சட்டையின் மடிப்பைச் சரிசெய்துவிட்டு, வாசலை நோக்கி நடந்தார். அங்கே மண்டபத்துக் காவலாளி நின்றிருந்தார். அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். காவலாளி நம்பாததுபோல் ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் பெண்கள் தினமும் பயிற்சி செய்யும் மண்டபத்துச் சாவியை மட்டும், முதலாளி நீட்டிய கையில் கொடுக்க, தனியாகக் கழற்ற ஆரம்பித்தார்.